நீலச் சால்வை போட்டுக்கொண்ட மகனுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்ன வாக்கியத்தைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். "அப்பா, அம்மா திதிக்கு நான் வரல. ப்ளீஸ், புரிஞ்சுக்கோங்க. நான் அந்த ஸ்டேஜைத் தாண்டிட்டேன்." எந்த ஸ்டேஜ் என்று கேட்டேன். "இந்த ரிச்சுவல்ஸ் எல்லாம். அதெல்லாம் பிகினர்ஸுக்குப்பா" என்றாய். வருகிற ஆவணியோடு அம்மா செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது. முதல் வருஷத் திதிக்குப் பலகையில் உட்கார வேண்டியவன் நீ ஒருத்தன்தான். அந்தப் பலகை உனக்கு இப்போது எல்.கே.ஜி. பெஞ்சு மாதிரி தெரிகிறது. நான் போனை வைத்துவிட்டேன். நீ திரும்பக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. நம் லோத்குண்டா வீட்டிலிருந்து உன் ஹைடெக் சிட்டி ஃபிளாட்டுக்கு டிராஃபிக் இருந்தாலும் ஒன்றரை மணி நேரம்தான். நம் இரண்டு பேருக்கும் அது காசியை விடத் தூரம். அதனால்தான் எழுதுகிறேன். நீ தமிழ் படிக்கத் திணறுவாய் என்று தெரியும். திணறு. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் கோபம் கொஞ்சம் ஆறும்.

உன் தியான மையத்துக்கு நானும் அம்மாவும் ஒரே ஒரு தடவை வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஊருக்கு வெளியே மாந்தோப்புக்கு நடுவில் பெரிய கூடம். முதல் கோர்ஸ் முடித்தவர்களுக்கு வெள்ளைச் சால்வை, இரண்டாவதற்கு மஞ்சள், மூன்றாவதற்கு நீலம். நீலம் முன்னால், மஞ்சள் நடுவில், வெள்ளை பின்னால். உங்கள் கம்பெனியில் கிரேடு கிரேடாக ஆட்களைப் பிரிப்பார்கள் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அங்கே போன அன்றுதான் எனக்குப் புரிந்தது, உங்களுக்கு மோட்சத்துக்கும் ப்ரமோஷன் வேண்டும், அதுவும் வருஷத்துக்கு ஒன்று வேண்டும். "ஏங்க, இது யூனிஃபார்மா?" என்று அம்மா என் காதில் கேட்டாள். "ஆன்ட்டி, சால்வை இல்லாதவங்க கடைசியில சேர்ல உக்காருங்க" என்று ஒரு பெண் எங்களைக் கொண்டுபோய்ச் சுவரோரம் விட்டாள். உனக்காக அம்மா செய்து எடுத்து வந்த எலுமிச்சம்பழ சாதத்தை உள்ளே விடவில்லை. வெளிச் சாப்பாட்டில் அதிர்வு சரியில்லையாம். அந்த டப்பா செருப்பு ரேக்குக்கு மேலே இரண்டு மணி நேரம் இருந்தது. உள்ளே உங்கள் குரு அன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம், அகந்தையை விடுவது எப்படி. நீ முதல் வரிசையில் நீலச் சால்வையோடு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாய். நாங்கள் வந்திருப்பது தெரிந்தும் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. முப்பத்தாறு வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்தவன் நான், கண்ணாலேயே அளந்துவிடுவேன். வாசலிலிருந்து உன் முதுகு வரைக்கும் நாற்பது அடி. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "பையன் நல்லா நிமிர்ந்து உக்காந்திருந்தான் இல்ல? முதுகுவலி போயிருக்கும்." அந்த எலுமிச்சம்பழ சாதத்தை நாங்கள் இரண்டு பேரும் ஜூபிலி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு சாப்பிட்டோம்.

கிழவனுக்கு உன் குருமேல் பொறாமை என்று நினைத்துக்கொள்வாய். நினைத்துக்கொள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆனால் ஃபாக்டரி லைப்ரரியில் என்னைப் போல முழுகிக் கிடந்தவன் எவனும் இல்லை. நம்முடைய புராணங்களைப் படித்தேன். அந்தோணி கொடுத்த பைபிளைப் படித்தேன். காதர் பாயிடம் உருது எழுத்துக் கற்றுக்கொண்டு அவர்கள் பெரியவர்களின் சரித்திரங்களைப் படித்தேன். எல்லாப் புத்தகமும் ஒரே இடத்தில்தான் விரலை வைக்கிறது. 'நான்' என்பதை வெளியே விட்டுவிட்டு வா என்கிறது. எங்கள் வேலையில் பிசிர் என்று ஒன்று உண்டு. லேத்தில் கடைந்து முடித்ததும் இரும்பின் விளிம்பில் முடி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. நகத்தால் தடவினால்தான் தெரியும். அது இருக்கிற வரைக்கும் தண்டு பேரிங்குக்குள் உட்காராது, சம்மட்டியால் அடித்தாலும் உட்காராது. உன் பிசிரைத் தடவிப் பார்க்கிற நகம் என்னிடம் இருக்கிறது. ஏனென்றால் ஊரில் இருக்கிற எல்லாச் சாமி வீட்டிலும் அதைப் பார்த்தவன் நான். என்னிடம்தான் அந்தப் பிசிர் ரொம்பப் பெரியது.

அந்தோணியை எடுத்துக்கொள். மெஷின் ஷாப்பில் எனக்கு எதிர் மேஜை. அவர்கள் சர்ச்சில் பெரிய வியாழன் அன்று சாமியார் பன்னிரண்டு பேருடைய காலைக் கழுவுவார். எஜமானே வேலைக்காரனாகக் குனிந்த கதையை நினைவுபடுத்த அந்தச் சடங்கு. அதில் பன்னிரண்டு பேரில் ஒருவனாக இருப்பதற்கு எங்கள் அந்தோணி எட்டு வருஷம் விடாமல் இடம் பிடித்து வைத்திருந்தான். அந்த வாரம் முழுக்க லஞ்ச் நேரத்தில் குழாயடியில் உட்கார்ந்து பியூமிஸ் கல்லால் குதிகாலைத் தேய்ப்பான். "என்ன அந்தோணி, கழுவிட்டுத்தான் கழுவக் கொடுப்பியா?" என்று கேட்டால், "சாமியார் கையில அழுக்கு படக்கூடாதுல்ல" என்பான். ஒரு வருஷம் அவனை எடுத்துவிட்டு, புதிதாகக் குடிவந்த சாஃப்ட்வேர் பையன் ஒருத்தனைப் போட்டார்கள். அந்தோணி அந்த வருஷம் ஈஸ்டருக்கே போகவில்லை. கல்லை என் மேஜைமேல் எறிந்துவிட்டு, "நேத்து வந்தவன் காலு என் காலை விடப் புனிதமாயிடுச்சா மேஸ்திரி?" என்றான். பணிவைக் கொண்டாடுகிற திருவிழாவில் முதல் இடத்துக்குச் சண்டை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நான் சிரித்ததையும் நீ ஞாபகத்தில் வைத்துக்கொள்.

காதர் பாய் வேறு ரகம். நாச்சாரத்தில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார், நம் வீட்டுக்கு ரம்ஜானுக்கு ஷீர் குர்மா பாயசம் கொண்டு வருவாரே அவர்தான். அவர்கள் பள்ளிவாசலில் சில பெரிய மனிதர்கள் வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முதல் வரிசையில் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்துவிட்டு வெளியே போய் டீ குடிப்பார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "முன்னாடி நக்கோ மியா, வேணாம். கைக்கு, எதுக்கு? நான் கடைசி வரிசை. செருப்பு பக்கத்துல. நாப்பது வருஷமா அதே இடம்." ஒரு நாள் நான் கேட்டேன்: "பாய், இதை நீங்க எனக்கு எத்தனை வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கீங்க?" மனுஷன் டீ கிளாஸைப் பாதி வழியில் நிறுத்தினார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "ஹவ் மியா, ஆமா, மாட்டிக்கிட்டேன். அவன் கைக்குட்டை போட்டான், நான் கடைசி வரிசையில ஆளையே போட்டு வெச்சேன்." அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நிற்கிறேன் என்றார். அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. நான் பார்த்த ஆட்களில், நகத்தால் தடவிக் காட்டியதும் அந்த நிமிஷமே அரம் எடுத்துப் பிசிரைத் தேய்த்தவர் அவர் ஒருத்தர்தான். நாம் இரண்டு பேரும் அந்த ஜாதி இல்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நம் காலனி முருகன் கோயில் தேருக்கு நான்கு சக்கரத்துக்கும் அச்சு கடைந்து பேரிங் போட்டவன் நான். சாயங்கால ஷிஃப்ட் முடித்து மூன்று மாதம் உழைத்தேன். அதற்காகப் பங்குனி உத்திரத்தன்று, சாமிமேல் சாத்திய பட்டுத் துண்டைக் குருக்கள் எடுத்து முதலில் என் தலையில்தான் பரிவட்டம் கட்டுவார். அதைக் கட்டிக்கொண்டு தேருக்கு முன்னால் நடப்பேன். நீ சின்னப் பையனாக என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாய். பிறகு, ஊருக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வந்து இறங்க ஆரம்பித்த ஒரு வருஷம். கமிட்டிக்கு அவர்கள்மேல் ஒரே மயக்கம். குருக்கள் துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். வழக்கம்போல நான் தலையைக் குனிந்தேன். குனிந்தே நின்றேன். தலையில் ஒன்றும் படவில்லை. நிமிர்ந்து பார்த்தால், எனக்கு அடுத்து நின்ற புதுக் கம்ப்யூட்டர்காரர் தலையில் குருக்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். குனிந்த தலையை ஊரே பார்த்தது. தேங்காய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தவன், பதினொரு வருஷம் அந்தக் கோயில் வாசற்படியைத் தாண்டவில்லை. அந்தோணியைப் பார்த்துச் சிரித்த அதே ஆள்தான்.

கடவுள்மேல் கோபம் இல்லை, ஆட்கள்மேல்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். உருவ வழிபாடு கீழ்ப்படி, அறிவு மேல்படி என்று புத்தகங்களிலிருந்து எடுத்துப் பேசினேன். கமிட்டிக்காரர்கள் சமாதானம் பேச வந்தபோது வாதத்தில் தோற்கடித்து அனுப்பினேன். நீ போனில் சொன்ன ஸ்டேஜ் இருக்கிறதே, அதை இந்த வீட்டில் முதலில் கட்டியவன் நான். அவமானப்பட்டதை ஞானம் என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டேன். அம்மாதான் ஏமாறவில்லை. "எல்லாரையும் ஜெயிச்சிட்டீங்க. அதான் வீட்டுக்கு ஒருத்தரும் வர்றதில்ல" என்பாள். "முருகன் ஒண்ணும் உங்களைத் தேடல. சக்கரம்தான் கிறீச்சு கிறீச்சுனு கத்துது, கிரீஸ் வைக்க ஆளில்லாம" என்பாள். நீ ஒன்பதாவது படிக்கும்போது டைஃபாய்டில் இருபது நாள் கிடந்தாய். உயிர் தங்கினால் என் காலம் உள்ள வரைக்கும் பங்குனிக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். எடுத்தாள். ஒவ்வொரு வருஷமும் நான் கோயில் வாசல் வரைக்கும் கூடப் போவேன். "நீ போ, நான் செருப்பைப் பாத்துக்கறேன்" என்று வெளியே நிற்பேன். கொஞ்ச நாளில் மற்றவர்களும், "பெரியவரே, இதையும் பாத்துக்குங்க" என்று என் காலடியில் விட்டுப் போக ஆரம்பித்தார்கள். ஒரு தடவை ஒருத்தர் தன் பெண்ணிடம், "பாரும்மா, எவ்வளவு பெரிய சேவை" என்று என்னைக் காட்டினார். நான் மறுக்கவில்லை. அது உள்ளே இனித்தது. அகங்காரத்தில் வாசலில் நின்றவனைப் பணிவில் நிற்கிறான் என்று நினைத்தார்கள், அதையும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

போன வருஷப் பங்குனிக்கு அவளுக்கு இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. வேண்டாம் என்றேன். "உசுரு உள்ள வரைக்கும்னு சொல்லிட்டேனே. இன்னும் இருக்குதே" என்றாள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது முதல் தடவையாகக் கேட்டாள்: "இந்த ஒரு வருஷம் கொடிமரம் வரைக்கும் கூட வாங்களேன். சாமியைப் பாக்க வேணாம். என்னைப் பாத்துக்கிட்டு வாங்க." நான் செருப்பைக் காட்டினேன். அவள் குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள். கொடிமரத்துக்குப் பக்கத்தில் அவள் கால் தடுமாறியது. குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, திரும்பி வாசலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இருபது அடி. நான் ஓடியிருக்க வேண்டும். என் கால் படியில் இருந்தது, அதற்கு மேல் போகவில்லை. உள்ளே கமிட்டிக்காரன் நிற்கிறான், 'கடைசியில வந்துட்டாரு பாரு' என்று நினைப்பான் என்கிற எண்ணம் அந்த நேரத்தில் என் மண்டையில் ஓடியது. பெண்டாட்டி விழப்போகிறாள், எனக்கு அந்த எண்ணம். யாரோ ஒரு தெலுங்குப் பெண் அவளைத் தாங்கிப் பிடித்தாள். பால் பாதி புடவையில் கொட்டிவிட்டது. வெளியே வந்தவள், நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே, "செருப்பு பத்திரமா இருக்குதா?" என்று கேட்டாள். குத்திக் கேட்டாளா, சும்மா கேட்டாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆவணியில் போய்விட்டாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. ஏழாம் நாள் துக்கம் கேட்கக் கோயில் கமிட்டிக்காரர் ஒருத்தர் வந்தார். நீ உள் அறையில் இருந்தாய். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வருஷத் தீட்டு கழியட்டும்ணே. அதுக்கப்புறம் வர்ற பங்குனிக்குப் பரிவட்டம் உங்களுக்குத்தான்" என்றார். சுவரோரம் அவள் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. ஒரு நொடிதான். ஆனால் இருந்தது. அவள் போய் ஏழு நாள்தான் ஆகியிருந்தது, எனக்குத் தலையில் துணி கட்டுவார்கள் என்று சந்தோஷம். அன்றைக்குத்தான் என்னை எனக்கு முழுசாகத் தெரிந்தது. அறுபத்தெட்டு வயதில், அத்தனை புத்தகத்துக்குப் பிறகு, இவ்வளவுதான் ஆள்.

ஆகவே நீ ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்காதே. உன் நீலச் சால்வை என் தலைப் பரிவட்டத்தில் கிழித்த துண்டு. அந்தோணி தேய்த்த குதிகால், கைக்குட்டை போட்ட முதல் வரிசை, நான் காவல் காத்த செருப்பு, உன் மூன்றாவது கோர்ஸ் எல்லாம் ஒரே கடையில் வாங்கிய சரக்கு. தியானத்தை நான் பழிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்வதால் ஒருத்தருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் கண்ணைத் திறக்கும்போது பெற்றவள் கீழ்ப்படியில் இருப்பவளாகத் தெரிந்தால், அந்தத் தியானத்தைவிடத் தூக்கம் மேல். பிகினர்ஸ் என்றாயே, அந்த பிகினர்தான் இதயம் பாதி நின்ற பிறகும் உன் உயிருக்காகச் சொன்ன வார்த்தையைத் தலையில் சுமந்தாள். அவளைத் தாண்டிப் போக உனக்கு ஸ்டேஜ் இல்லை. எனக்கும் இல்லை. செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் போய்ச் சேருகிறதா என்று எனக்குத் தெரியாது. படித்த எந்தப் புத்தகத்திலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. ஆனால் அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து, ஐயர் சொல்வதைத் திருப்பிச் சொல்லி, எனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள், அவளால் நான் இருக்கிறேன் என்று குனிகிறாயே, அந்தக் குனிவு உனக்குப் போய்ச் சேரும். அதற்கு எந்தச் சால்வையும் தர மாட்டார்கள்.

ஐயர் நேற்று வந்திருந்தார். "பையன் வரலேன்னா பரவாயில்ல, நீங்களே பண்ணலாம், அதுக்கும் வழி இருக்கு" என்றார். வழி எனக்கும் தெரியும். நீ வராவிட்டால் என்ன, எனக்கு யாரும் வேண்டாம் என்று முறைப்பாகப் பலகையில் உட்கார்ந்து முடித்துவிடுவேன். அது எனக்கு ரொம்பச் சுலபம். அதையே காலமெல்லாம் செய்தவன். அதனால்தான் அதைச் செய்யப் போவதில்லை. இந்தக் கடிதம் வியாழனோ வெள்ளியோ உனக்குக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை உன் தியான மையத்துக்கு வருகிறேன். சேரில் உட்கார மாட்டேன். சுவரோரமும் நிற்க மாட்டேன். நடுவில் வெள்ளை, மஞ்சள் எல்லாவற்றையும் கடந்து நேராக முன்னால் வந்து, உங்கள் குரு எதிரில், அத்தனை நீலச் சால்வைக்கும் நடுவில், "வாடா, அம்மாவுக்குத் திதி பண்ணணும், வா" என்று கூப்பிடுவேன். நான் இதுவரைக்கும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை, அவளைக்கூட. உனக்கு மானம் போகும். எனக்கும் போகும். இரண்டு பேருக்கும் போக வேண்டியதுதான் அது. நீ எழுந்து வருவாயா மாட்டாயா என்று எனக்குத் தெரியாது. வராவிட்டால் ஒரு தடவை திரும்பியாவது பார். அவள் அன்றைக்குப் பார்த்த மாதிரி. இருபது அடி நடக்காதவன் நாற்பது அடி நடந்து வருகிறேன். முட்டி வலிக்கும், மெதுவாகத்தான் வருவேன். என் செருப்பை யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.